தஸ்மியாவின் தலைமாட்டில்

ஓரகத்திக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதான பிறகுதான் நஃபீஸத்துக்கு அவள்மேல் பொறாமை வந்தது. வெளியே சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவளுக்கே முதல் இரண்டு மாதம் அது பொறாமை என்று பிடிபடவில்லை.

திருநெல்வேலிப் பேட்டையில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு, பின்னால் ஒரே முற்றம். அண்ணன் காஜா முகைதீன் கைலி வியாபாரி. அவர் மனைவி நஃபீஸத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரே மகளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்து, அவளும் குறையில்லாமல் இருக்கிறாள். தம்பி சுஹைல் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அவன் மனைவி தஸ்மியாவுக்கு முப்பத்து நான்கு. மகள் ஹனீன் மூன்றாம் வகுப்பு.

அந்தத் தெருவில் மார்க்கம் என்றால் நஃபீஸத்தான். அவள் வாப்பா மதரசாவில் ஓதிக்கொடுத்தவர். விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன்பே எழுந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை பெண்கள் கூடி ஓதும்போது அவள்தான் முன்னால் உட்கார்வாள். ஓர் எழுத்து பிசகினாலும் கையை உயர்த்தி நிறுத்தித் திருத்துவாள். பிள்ளைக்குக் காய்ச்சல், மகனுக்கு விசா வரவில்லை, மருமகளுக்கு மாசம் நெருங்குகிறது என்று எது வந்தாலும் பெண்கள் ஒரு பாட்டில் தண்ணீரோடு அவள் வாசலுக்கு வருவார்கள். ஓதி ஊதிக் கொடுப்பாள்.

இத்தனைக்கும் நடுவே அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. நாற்பது வருஷத் தொழுகையில் ஒரே ஒரு நாள்கூட, அந்தப் பக்கம் யாரும் கேட்டுக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. நம்பிக்கையில் குறையில்லை. ஆனால் பூட்டிய வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிறவள் போலத்தான் நின்றாள். உள்ளே ஆள் உண்டு என்று தெரியும், கதவுதான் திறக்காது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், உருகி அழுகிறவர்கள் கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறார்கள் என்று தன்னைத் தேற்றி வைத்திருந்தாள்.

தஸ்மியாவோ பாதி நாள் சுபுஹைத் தூக்கத்தில் விட்டுவிடுகிறவள். எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கி ஓதுகிறவள். அந்தி மஃரிப் தொழுகை முடிந்த கையோடு சீரியலுக்கு உட்கார்ந்துவிடுவாள்.

அவளுக்குத்தான் கால் வீங்கி, முகம் வீங்கி, பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் இனி வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று சொன்னார்கள். செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்குப் படுத்தால் நான்கு மணி நேரம் மிஷின் ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும். கூட ஒரு பெண் துணை இருந்தே ஆக வேண்டும். ஊருக்கு வந்திருந்த சுஹைல் லீவு முடிந்து விமானம் ஏறினான். நஃபீஸத் துணைக்குப் போனாள். முகம் சுளிக்காமல்தான் போனாள்.

முதல் இரண்டு வாரம் தஸ்மியா அழுதுகொண்டே படுத்திருந்தாள். அடுத்த செவ்வாய் அழவில்லை. கண்ணை மூடிக் கிடந்தாள். முகம் பால் குடித்து உறங்கும் குழந்தையின் முகம்போல் இருந்தது. வீடு திரும்பும்போது ஆட்டோவில் நஃபீஸத்தின் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"ராத்தா, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லுட்டி."

"இன்னைக்கு ஒடம்பெல்லாம் குளுந்து போச்சு. அவ்வளவுதான், மவுத்துதான்னு நெனச்சேன். ஹனீன நெனச்சுக்கிட்டேன். அப்பம் பாத்து என் தலமாட்டுல... எப்படிச் சொல்ல, யாரும் வரல. ஆனா நான் தனியா இல்ல. அல்லா பக்கத்துல இருக்கான், ராத்தா. நீங்க இங்கன இருக்கது எப்படித் தெரியுதோ, அப்படித் தெரிஞ்சுது. பயமே போயிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நஃபீஸத். வாய்தான் சொன்னது. நெஞ்சுக்குள் மிளகாய் விழுந்த எண்ணெய்போல ஒரு காந்தல்.

அன்று பிற்பகல் அஸர் தொழும்போது அவளுக்கு ரக்அத் எண்ணிக்கை தவறியது. தஸ்மியாவுக்கா? எழுத்துக் கூட்டி ஓதுகிறவளுக்கா? நாற்பது வருஷமாக நிற்கிறேன், எனக்கு ஒரு தடவை உண்டா? நேற்று வந்தவளுக்கு வாசல் திறக்கிறதாம்.

அடுத்த முறை வார்டில் அவள் நர்ஸ் சாலோமியைத் தனியே கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இந்த மருந்துல புத்தி கொஞ்சம் பெசகுமா? இல்லாததெல்லாம் இருக்க மாதிரி தெரியுமா?"

"அப்படி ஒண்ணும் கிடையாதேம்மா. ஏன், எதுவும் உளறுதாங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

ஏமாற்றமாக இருந்தது. மருந்தின் வேலை என்று அந்தப் பெண் சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! அந்த நான்கு மணி நேரமும் நஃபீஸத் ஸ்டூலில் உட்கார்ந்து தஸ்மியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கையில் தஸ்பீஹ் மணி உருளும். கண் அந்த முகத்தைவிட்டு நகராது. நடிக்கிறாளா என்று பார்ப்பாள். ஊசி ஏறும்போது நெற்றி சுருங்கும், வலி இருக்கிறது. அப்புறம் உதடு அசையும். கொஞ்ச நேரத்தில் அந்த அமைதி வந்துவிடும். பக்கத்துப் பந்தியில் பிரியாணி பரிமாறும் வாசனை வர, தன் இலை வெறுமையாகக் கிடப்பதுபோல் நஃபீஸத் உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டாள்: "துஆ கேக்கதுக்கு ஒரு மொறை இருக்குட்டி. நீ பாட்டுக்கு அடுத்த வீட்டு ஆளுகூடப் பேசுத மாதிரி தமிழ்ல பேசுத."

"எனக்கு அதுதான தெரியும் ராத்தா. நீங்க ஓதுனா வானமே எறங்கி வரும். எனக்கு எங்க அதெல்லாம்?"

அதில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அல்லாவின் சோதனை அவன் நேசருக்குத்தான் வரும் என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறாள். அந்த நினைப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. எனக்கு என்ன சோதனை வந்தது? வீடு, புருஷன், மகள், பேரன், எல்லாம் சீராக இருக்கிறது. அப்படியானால் நான் யார்? ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழுது முடித்து, கையேந்தி, "எனக்கும் ஒரு நோயக் குடு" என்று கேட்டே விட்டாள். கேட்ட மறுகணம் நடுங்கிப்போய், மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்தாள். சாயங்காலம் லேசாகத் தலை வலித்தது. பயமும் ஆசையுமாகக் கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். ஒரு டம்ளர் இஞ்சி டீயில் அது போய்விட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

இதற்குள் தெருவில் பேச்சு பரவிவிட்டது. தஸ்மியாவின் முகத்தைப் பார்த்தாலே மனசு லேசாகிறது என்றார்கள். ஒவ்வொருவராகத் தண்ணீர் பாட்டிலோடு முற்றத்தைக் கடந்து அடுத்த வாசலுக்குப் போனார்கள். தஸ்மியாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்க அனுமதி. வெடித்த உதட்டோடு, பிறத்தியார் கொண்டுவந்த குளிர்ந்த தண்ணீரில் ஊதிக் கொடுப்பாள். அதைப் பார்க்கும்போதுகூட நஃபீஸத்துக்கு இரக்கம் வரவில்லை. பாட்டில்களை எண்ணினாள்.

டிசம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை சுபைதா பேகம் வந்தாள். எதிர்வீட்டுக்காரி, நஃபீஸத்தின் முப்பது வருஷத் தோழி. சுபைதாவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வாசலில் பாட்டிலோடு அவளைக் கண்டதும் நஃபீஸத் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கை நீட்டினாள்.

சுபைதாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. "இல்லட்டி... தஸ்மியாட்ட ஒருக்க வாங்கிக்கிடுவோம்னு. மவ ஆசப்பட்டா. தப்பா நெனைக்காத."

"நான் என்னத்தத் தப்பா நெனைக்கேன்? போ, போ."

நீட்டிய கை நீட்டியபடி ஒரு நொடி நின்றது.

வியாழன் விடியற்காலை தஸ்மியா புர்காவை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது நஃபீஸத் கட்டிலில் கிடந்தாள்.

"முழங்காலு அசைக்க முடியலட்டி. ராவெல்லாம் வலி. நான் எங்கன வர?"

முழங்காலில் ஒரு வலியும் இல்லை. காஜா முகைதீன் நூல் வாங்க ஈரோட்டுக்குப் போயிருந்தார். வேறு துணை தேட நேரமில்லை. தஸ்மியா குனிந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"சரி ராத்தா, படுங்க. ஒரு நாளுதான. சனிக்கிழம போய்க்கிடலாம். நான் தண்ணியக் கொறச்சுக்கிடுதேன்."

அவள் போன பிறகு நஃபீஸத் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். 'பக்கத்துல இருக்கான்லா, பாத்துக்கிடட்டும்' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. சனிக்கிழமை காலையில் ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. மழை விட்டுவிடும், விட்டுவிடும் என்று பார்த்திருந்து பொழுது போயிற்று. ஞாயிறு விடிந்தபோது தெருவில் முழங்காலளவு தண்ணீர். அணைகள் எல்லாம் திறந்தாயிற்று, ஆற்றில் தண்ணீர் கரைகாணாமல் போகிறது என்றார்கள். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. காஜா முகைதீன் எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்றே தெரியவில்லை.

தஸ்மியாவால் படுக்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் ரம்பம் இழுப்பதுபோல் வந்தது. கால் இரண்டும் பலாக்காய்போல் இருந்தன. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஐந்து நாள். உடம்புக்குள் தங்கிய தண்ணீர் நெஞ்சை அமுக்குகிறது என்று நஃபீஸத்துக்குப் புரிந்தது. வார்டில் இப்படி ஒருத்தியைத் தூக்கி வந்ததையும் அவள் திரும்பிப் போகாததையும் பார்த்திருக்கிறாள்.

அவள் ஹனீனைச் சுபைதாவிடம் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அசைக்க முடியாத அந்த முழங்கால் தெருமுனைவரை ஓடியது. அங்கே மணிராஜ் இருந்தான். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் டிராக்டர் ஓட்டுகிறவன். காலையிலிருந்து தாழ்வான தெருக்களில் இருந்தவர்களை டிரெய்லரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்போதுதான் டீயில் வாய் வைத்திருந்தான். தஸ்மியாவை ஆற்றுக்கு அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள்.

"யக்கா, ஆத்துப் பாலத்துல போலீசு ஒரு வண்டியும் விடலன்னு சொல்லுதாவ."

"நீ எடுப்பா. பாலத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

டிரெய்லரில் சாக்குகளை அடுக்கி, மேலே தார்ப்பாயைக் கட்டினார்கள். நஃபீஸத் பலகையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, தஸ்மியாவைத் தன் நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். டவுனைத் தாண்டி ஈரடுக்குப் பாலம் ஏறி இறங்கினால் ஜங்ஷனில் கடைகளின் பாதி ஷட்டர்வரை தண்ணீர். டிராக்டர் பைய உறுமிக்கொண்டு அதற்குள் இறங்கியது.

"ராத்தா..."

"பேசாதட்டி. மூச்ச விடு."

"அவன் இல்ல ராத்தா."

"யாரு?"

"அல்லா. காலையிலருந்து கூப்பிடுதேன்... ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டா இருக்கு. பயமா இருக்கு ராத்தா."

அதைக் கேட்டதும் நஃபீஸத்துக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரம்கூட இல்லை, கண் இமைக்கும் நேரம். உனக்கும் இல்லையா? நீயும் என்னைப் போலத்தானா? அப்புறம் அந்தச் சந்தோஷத்தின் முகத்தை அவளே பார்த்துவிட்டாள். சாகப்போகிறவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவளிடம் இருந்த ஒன்றும் போயிற்று என்று மகிழ்கிற முகம்.

ஓத ஆரம்பித்தாள். குரல் பிசகவில்லை, எழுத்து பிசகவில்லை. வாப்பா கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். பாதியில் தஸ்மியாவின் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. நஃபீஸத்துக்கு அடுத்த வரி வரவில்லை. ஏழு வயதிலிருந்து நெஞ்சில் கிடந்தது எதுவும் வரவில்லை. வாயில் வந்தது வெறும் பேட்டைத் தமிழ்.

"யா அல்லா, எங்க போயிட்ட? அவகிட்ட இருந்தல்லா? இப்பம் பாத்து அவள விட்டுட்டு எங்க போன? நான் பொய் சொன்னேன், முழங்காலு வலிக்கல, நான்தான் இவள இங்கன கொண்டாந்து போட்டேன். அதுக்கு என்னப் பிடி. எனக்கு நீ வர வேண்டாம். நாப்பது வருஷம் வரலைலா, இன்னும் வராண்டாம். நான் இனிமே கேக்க மாட்டேன். அவகிட்டப் போ. அவகிட்டயே இரு."

திரும்பத் திரும்பச் சொன்னாள், சண்டை பிடிப்பவள் போல. கண்ணீரும் மழையும் வாயில் வழிந்தன.

டிராக்டர் நின்றது. பாலத்தின் முனை. குறுக்கே தடுப்பு; மழைக்கோட்டோடு ஒரு போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். ஆற்றுக்குள் நிற்கும் தைப்பூச மண்டபம் மூழ்கி உச்சி மட்டும் தெரிய, செந்தண்ணீர் பாலத்து வளைவுகளில் இடித்து எகிறிக்கொண்டிருந்தது. பாலமே நடுங்குவதுபோல் இருந்தது.

"திருப்புலே வண்டிய!"

"ஐயா, டயாலிசிஸ் கேசு. மூச்சு நிக்கப் போவுது" என்று மணிராஜ் கத்தினான்.

நஃபீஸத் தார்ப்பாயை விலக்கி நிமிர்ந்தாள். போலீஸ்காரரிடம் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் அவளுக்குப் பயம் இல்லை. எப்போது போனது என்று தெரியவில்லை. ஆறு அத்தனை இரைச்சலாக ஓடிக்கொண்டிருக்க, அவளுக்குள் ஓர் ஓசையும் இல்லாமல் இருந்தது. தான் இவ்வளவு நேரம் கத்தியதை யாரோ முழுக்கக் கேட்டுவிட்டு, இன்னும் போகாமல் இருப்பதுபோல. பூட்டிய வீடு என்று நினைத்தது வீடே இல்லைபோல, வாசலே இல்லைபோல. போலீஸ்காரர் டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்து, தஸ்மியாவைப் பார்த்து, தடுப்பை இழுத்து விலக்கியபோது அவளுக்கு வியப்பாகக்கூட இல்லை. நெஞ்சில் சாய்ந்திருந்த தலையைச் சரிசெய்து, "போப்பா" என்றாள்.

அதை நின்று ருசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர், ஓட்டம், ஆக்சிஜன், கையெழுத்து. மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தது எதுவோ அது வந்துவிட்டது என்பதே வார்டு வராந்தாவில், சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு அஸர் தொழ நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. அப்போதும் அது போயிருக்கவில்லை.

சாயங்காலம் சாலோமி வெளியே வந்தாள். "தண்ணி நாலு லிட்டர் எடுத்திருக்கு. பொழச்சுக்கிட்டாங்கம்மா. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..."

மூன்றாம் நாள் தஸ்மியா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். நஃபீஸத் முழங்கால் பொய்யைச் சொன்னாள். ஏன் என்பதையும், ஒளிக்காமல், சுபைதாவின் பாட்டில்வரைக்கும் சொன்னாள். "எனக்குத் தெரியும் ராத்தா" என்று அவள் சிரிப்பாள், மன்னிப்பாள் என்று உள்ளூர ஒரு எண்ணம் இருந்தது. தஸ்மியா சிரிக்கவில்லை.

"எம்மவ நடுத்தெருவுல நின்னுருப்பா" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பது நாள் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. டயாலிசிஸ் நாட்களில் நஃபீஸத் அதே நேரத்துக்குப் போய் வாசலில் நிற்பாள்; தஸ்மியா ஆட்டோவில் அந்த ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்ப்பாள். ரோட்டோரமெல்லாம் சேறு காய்ந்து கிடந்தது. பாய், மெத்தை, பாடப் புத்தகம் எல்லாவற்றையும் ஜனங்கள் வெயிலில் விரித்திருந்தார்கள். சுபைதாவின் மகளுக்குப் பெண்குழந்தை சுகமாகப் பிறந்தது. சுபைதா இனிப்பு டப்பாவைத் தஸ்மியா வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுபோனாள். நஃபீஸத்துக்குச் சுருக்கென்றது. அட, இது இன்னும் போகவில்லையா என்று அவளுக்கே வெட்கமும் சிரிப்பும் வந்தன.

பத்தாம் நாள், ஊசிகளை ஏற்றி மிஷின் ஓடத் தொடங்கியதும் தஸ்மியா கண்ணைத் திறந்தாள்.

"அன்னைக்கு டிராக்டர்ல யாருகூடச் சண்ட போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

நஃபீஸத்துக்கு முகம் சிவந்தது. "உனக்குக் கேட்டுச்சா?"

"அரையுங்கொறையுமா. வராண்டாம், வராண்டாம்னு." தஸ்மியா மறு கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே தெரியல ராத்தா. பொழச்சு வந்த பொறவும் முன்ன மாதிரி இல்ல. தேடுதேன், கெடைக்க மாட்டேங்கு. ஒங்களுக்கு... இருந்துச்சா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது, இவளுக்கு நோகாதே. ஆனால் பொய்யால் பட்டது போதும்.

"இருந்துச்சுட்டி" என்றாள். "பாலத்துக்கிட்ட."

தஸ்மியா அவளையே பார்த்தாள். கண் சுருங்கி, உதடு லேசாகக் கோணி, எச்சில் விழுங்கிக்கொண்டு. அந்தப் பார்வையை நஃபீஸத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து மாதக்கணக்காக அவளே பார்த்த பார்வை.

"ஒங்களுக்கு மட்டும் எப்படி?" என்றாள் தஸ்மியா, பிள்ளைபோல, கோபமாக. "என்ன செஞ்சீங்க? எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க."

நஃபீஸத் ஸ்டூலைக் கட்டிலின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மிஷின் நிற்க இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.